முதல் சொல்லுக்கு முந்தைய பீட்: ஆலயக் கொயரை நடத்தக் கற்பதற்கு முழுமையான வழிகாட்டி

கொயர் (பாடகர் குழு) ஒன்றாகத் தொடங்குமா, சிதறித் தொடங்குமா என்பது முதல் சொல்லுக்கு முந்தைய ஒரே ஒரு பீட்டில், அதாவது ஒரே தாளத் தட்டில், முடிவாகிவிடும். கையசைத்துக் கொயரை நடத்தும் கண்டக்டிங்கைக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் 4/4-க்கு (நான்கு பீட் தாளத்துக்கு) கை எப்படிப் போகும் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதை ஒரு மாலையில் கற்றுவிடலாம். அந்த முந்தைய பீட்டைக் காட்டப் பழகத்தான் மாதக்கணக்கில் ஆகும். பாடிக்கொண்டிருப்பதையே கையும் காட்டினால் யாருக்கும் உதவாது. அடுத்து என்ன வரப்போகிறது என்பதைக் காட்ட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

தமிழ்க் கிறிஸ்தவ ஆலயங்களில் வழக்கமாகக் காணும் அமைப்பை வைத்தே இது எழுதப்பட்டுள்ளது: சோப்ரானோ, ஆல்டோ (பெண்களின் மேல், கீழ்க் குரல்கள்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்கள்) என்று 15 முதல் 40 பேர், ஒரு கீபோர்டு, ஒரு தபலா அல்லது டிரம் பேட், சில இடங்களில் வயலின். ஞாயிறுதோறும் பாமாலையும் கீர்த்தனையும், டிசம்பரில் கேரல் சர்வீஸ்.

படி 1: பாட்டுத் தாளோடு தனியாக உட்காருங்கள்

நான்கு நிமிடப் பாட்டு என்றால் முதல் ஒத்திகைக்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் அதோடு இருக்க வேண்டும். நான்கு குரல் வரிகளையும் நீங்களே பாடிப் பாருங்கள். குரல் எட்டாத இடத்தில் ஒரு ஸ்தாயி இறக்கியோ ஏற்றியோ பாடலாம். டெனர் வரியைப் பாடிப் பார்க்காத கண்டக்டருக்கு, டெனர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பது ஒத்திகையில்தான் தெரியவரும். அப்போது மற்ற மூன்று குரல்களும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

பென்சிலால் மூன்று விஷயங்களைக் குறியுங்கள். முதலாவது, மூச்சு வாங்கும் இடங்கள். இரண்டாவது, ஒவ்வொரு குரலும் உள்ளே வரும் இடம். மூன்றாவது, வரி முடியும் சொல்லை எந்த பீட்டில் நிறுத்துவது என்பது. இந்த மூன்றாவதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஆளாளுக்கு ஒரு நேரத்தில் நிறுத்துகிறார்கள்.

நம் கொயர்களில் பலர் ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷனை விட, டோ ரே மி என்று எழுத்துகளால் எழுதும் டானிக் சோல்ஃபாவைத்தான் படிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வன் வளர்த்துப் பரப்பிய அந்த முறை, பீட் பார்ப்பதற்கு மிக வசதியானது. செங்குத்துக் கோட்டுக்கு அடுத்து வருவது பாரின் (ஒரு தாளச் சுற்றின்) முதல் பீட், முக்காற்புள்ளி போன்ற இரட்டைப் புள்ளிக்கு அடுத்து வருவது அடுத்த பீட், ஒற்றைப் புள்ளி அரை பீட், சிறு கோடு நீட்டல். ஒரு பாரில் எத்தனை பீட் என்பதைக் கோட்டையும் இரட்டைப் புள்ளிகளையும் எண்ணியே சொல்லிவிடலாம். கர்நாடக சங்கீதப் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. சோல்ஃபாவின் டோவும் நம் ஸட்ஜம் போலச் சுருதிக்கேற்ப இடம் மாறுவது. மேஜர் ஸ்கேல் பாட்டில் டோவை ஸ என்று நினைத்துக்கொண்டால் போதும்.

அடுத்து சொற்கள். பாமாலையில் கணிசமானவை மேல்நாட்டு மெட்டுகளுக்கு எழுதப்பட்ட தமிழ் வரிகள். மெட்டின் அழுத்தம் ஒரு பக்கம் இழுக்கும், தமிழின் குறில் நெடில் மறுபக்கம் இழுக்கும். குறில் நீண்ட ஸ்வரத்தில் விழும் இடங்களை வட்டமிடுங்கள். அங்கே கொஞ்சம் மென்மையாகப் பாடச் சொன்னால் குறில் நெடிலாகக் கேட்பது குறையும். ஒரு சொல்லின் நடுவில் மூச்சு வாங்கும்படி மெட்டு அமைந்திருந்தால், முந்தைய சொல்லுக்கே மூச்சை நகர்த்திவிடுங்கள். மெட்டுக்காகச் சொல்லை வெட்டக் கூடாது.

படி 2: எங்கே நிற்பது, எப்படி நிற்பது

கீபோர்டுக்காரர், தபலாக்காரர், கொயரின் கடைசி வரிசை ஆகிய மூவருக்கும் உங்கள் வலது கை தெரிய வேண்டும். கீபோர்டை ஆலயத்தின் ஓர் ஓரத்தில் சுவரைப் பார்க்க வைத்திருந்தால், முதல் வேலையாக அதைத் திருப்பி வையுங்கள். திருப்ப வழியில்லை என்றால் கீபோர்டின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி பொருத்தலாம். ஆர்கன் உள்ள பழைய ஆலயங்களில் ஆர்கனிஸ்டுகள் காலங்காலமாகச் செய்துவருவது இதுதான்.

கால்கள் தோள் அகலத்தில். முழங்கை உடம்போடு ஒட்டாமல் ஒரு சாண் விலகி இருக்கட்டும். உள்ளங்கை கீழ்நோக்கி, விரல்கள் தளர்ந்து. பீட் விழும் தளம் தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே. அதற்குக் கீழே போனால் பாட்டுத் தாள் ஸ்டாண்ட் மறைக்கும், மேலே போனால் பத்தே நிமிடத்தில் தோள் வலிக்கும், பாடுகிறவர்களின் தோளும் உங்களைப் பார்த்து உயரும். தோள் உயர்ந்தால் மூச்சு மேலோட்டமாகிவிடும், சோப்ரானோக்களின் மேல் ஸ்வரங்கள் கிறீச்சிடும். அவர்களைக் குறை சொல்லும் முன் உங்கள் தோளைப் பாருங்கள்.

பேட்டன் (கண்டக்டரின் குச்சி) கட்டாயமில்லை. 40 பேருக்கு மேல் போனாலோ வாத்தியங்கள் அதிகம் இருந்தாலோ 30 முதல் 35 செ.மீ. நீளமுள்ள லேசான பேட்டன் உதவும். பேட்டனால் ஸ்டாண்டைத் தட்டித் தாளம் போடும் பழக்கம் மட்டும் வேண்டாம். பிரெஞ்சு அரசவை இசையமைப்பாளர் லுல்லி 1687இல் ஒரு துதிப் பாடலை நடத்தும்போது கனத்த தடியால் தரையைத் தட்டித் தாளம் போட்டார். தடி காலில் பட்டுக் காயம் புரையோடி இறந்துபோனார். உங்களுக்கு அந்த அபாயம் இல்லை. ஆனால் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுப் பாடப் பழகிய கொயர் பிறகு கையைப் பார்க்கவே பார்க்காது.

படி 3: புள்ளி

எந்த வடிவத்தையும் பழகும் முன் பழக வேண்டியது இது. பீட் என்பது கை போகும் பாதை அல்ல, கை தொட்டு மீளும் புள்ளி. ஒரு மேசை முன் நின்று, தாள வேகத்தை ஒலித்துக் காட்டும் மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். நொடிக்கு ஒரு தட்டு. விரல் நுனியால் மேசையைத் தொட்டு உடனே மேலே வாருங்கள், சூடான தோசைக்கல்லைத் தொட்டதுபோல. தொடும் கணமும் மெட்ரோனோம் ஒலியும் ஒன்றாக வர வேண்டும். ஐந்து நிமிடம் செய்தபின் மேசையை விட்டு விலகி, மேசை அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டு அதையே செய்யுங்கள்.

கையைத் தண்ணீரில் அலைவதுபோல வட்டமாகச் சுழற்றுகிறவர்களிடம் இந்தப் புள்ளியே இருக்காது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பீட் எங்கே என்பதை 30 பேரும் தனித்தனியாக ஊகிப்பார்கள்.

படி 4: வடிவங்கள்

எல்லாம் வலது கைக்கு. 2/4-இல் முதல் பீட் கீழே, சற்று வெளிப்புறம் வளைந்து, இரண்டாவது மேலே. 3/4-இல் கீழே, வலது வெளியே, மேலே. 4/4-இல் கீழே, இடது உள்ளே, வலது வெளியே, மேலே. மெதுவான 6/8-இல் கீழே, இடப்பக்கம் இரண்டு சிறியவை, வலப்பக்கம் இரண்டு, பிறகு மேலே. 6/8 வேகமாகப் போனால் ஆறும் வேண்டாம், 2/4 போல இரண்டே பீட் போதும். தாலாட்டு நடையில் உள்ள கேரல்களை ஆறு ஆறாக அடித்துப் பாட்டையே நொண்ட வைப்பதைப் பல கேரல் சர்வீஸ்களில் பார்க்கலாம்.

முதல் பீட் மட்டும் நேர் கீழே வர வேண்டும், வேறு எந்த பீட்டும் அப்படி வரக் கூடாது. வழி தவறியவர் திரும்ப ஒட்டிக்கொள்வது அந்த ஒன்றை நம்பித்தான். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும் முதலில் வலது கையில் பழகுவது நல்லது. வாத்தியக்காரர்களுக்குப் பழகிய திசை அதுதான்.

படி 5: தயார் அசைவு

தொடங்கும் முறை இது. கையை உயர்த்தி நிறுத்துங்கள். கீபோர்டுக்காரரை ஒரு பார்வை, நான்கு குரல்களையும் ஒரு பார்வை. மனத்துக்குள் பாட்டின் முதல் வரியைச் சரியான வேகத்தில் ஓட்டுங்கள். வேகம் உள்ளே உறுதியானதும், தொடங்கும் பீட்டுக்கு முந்தைய பீட்டை மட்டும் காட்டுங்கள். அதைக் காட்டும்போதே வாயைத் திறந்து, வெளியே தெரியும்படி மூச்சு வாங்குங்கள். நீங்கள் மூச்சு வாங்கினால் அவர்களும் வாங்குவார்கள். மூச்சு ஒன்றானால் தொடக்கமும் ஒன்றாகும்.

முதல் பீட்டில் தொடங்கும் பாட்டுக்குத் தயார் அசைவு மேல்நோக்கி. எல்லாப் பாட்டும் அப்படித் தொடங்குவதில்லை. “ராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்” என்ற கேரலைப் பாடிப் பாருங்கள். அழுத்தம் “ராக்” மேல் விழாது, “கா” மேல் விழும். “ராக்” நான்காம் பீட், “கா” அடுத்த பாரின் முதல் பீட். ஆக, தயார் அசைவு மூன்றாம் பீட்: கை வலது வெளியே போகும். அதோடு மூச்சு. பிறகு மேலே போகும்போது “ராக்”, கீழே இறங்கும்போது “கா”. இதைத் தெரியாமல் கையைக் கீழே இறக்கி “ராக்” வாங்கினால், முதல் சொல்லிலிருந்தே கை ஒரு பீட் முன்னால் இருக்கும். பாடுகிறவர்களுக்குப் பாட்டு ஏற்கெனவே தெரியும் என்பதால் சமாளித்துவிடுவார்கள். புதுப் பாட்டில் சமாளிக்க முடியாது.

அதே சொல்லில் இன்னொன்றையும் கவனியுங்கள். “ராக்-கா”வில் க்க என்ற இரட்டிப்பு ஒரு கண நேரம் ஒலியை அடைக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் அடைத்தால் அந்தச் சொல் மணிபோலக் கேட்கும். நாலைந்து பேர் “ராகாலம்” என்று இழுத்தால் மங்கிவிடும். ஒத்திகையில் அந்த இரண்டு அசைகளை மட்டும் பத்து முறை மெதுவாகச் சொல்ல வையுங்கள், பாட வேண்டாம்.

வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று. ஒன்று, தயார் அசைவு ஒரு வேகம், பாட்டு இன்னொரு வேகம். மெதுவாகக் கையை உயர்த்தி வேகமாக இறக்கினால் முதல் பாரிலேயே கீபோர்டும் கொயரும் பிரியும். இரண்டு, உயர்த்திய கையைப் பதற்றத்தில் சற்று அசைப்பது. அதையே தயார் அசைவு என்று நினைத்து யாராவது ஒருவர் தனியாகத் தொடங்கிவிடுவார். மூன்று, “ஒன், டூ, த்ரீ” என்று வாயால் எண்ணுவது. ஒத்திகையில் சரி. ஆராதனையில் மைக் அதையும் சேர்த்தே சபைக்குக் கேட்க வைக்கும்.

உங்கள் கைப்பேசியைப் பாடுகிறவர்கள் நிற்கும் இடத்தில் வைத்து உங்களை நீங்களே படம் பிடியுங்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாட்டு எந்தக் கணத்தில் தொடங்கியது என்று படத்தை வைத்தே சொல்ல முடிந்தால் உங்கள் தயார் அசைவு தெளிவாக இருக்கிறது.

படி 6: நிறுத்துதல்

வரியின் கடைசிச் சொல்லை நிறுத்தும் அசைவுக்கும் ஒரு தயார் வேண்டும். கை சிறிய வளையம் ஒன்றைப் போட்டு ஒரு புள்ளியில் மூடும். வளையம்தான் எச்சரிக்கை, புள்ளிதான் முடிவு. தமிழில் பல வரிகள் ம், ன், ள், ர் என்ற மெய்யில் முடிகின்றன. அந்த மெய்யை எப்போது மூடுவது என்று சொல்லித்தராவிட்டால், அதே கேரலின் “காத்தனர்” என்ற சொல்லில் பாதிப் பேர் “காத்தன” என்று நீட்டிக்கொண்டிருக்கும்போதே மீதிப் பேர் “ர்ர்ர்” என்று உருட்டத் தொடங்கிவிடுவார்கள். விதி எளிது: உயிரை முழு அளவும் நீட்டுங்கள், மெய் அந்தப் புள்ளியில் மட்டும். “இயேசு”போல உகரத்தில் முடியும் சொற்களில், கடைசி உகரத்தை “சூ” ஆக்காமல் உதட்டைக் குவிக்காமல் விடச் சொல்லுங்கள்.

வரி முடிவில் ஸ்வரத்தின் மேல் வரும் நிறுத்தக் குறியை (ஃபெர்மாட்டா) பார்த்ததும் நீட்டி முழக்க வேண்டும் என்றில்லை. கோரல் எனப்படும் பழைய லூத்தரன் சபைப் பாடல்களில் அந்தக் குறி பெரும்பாலும் அடி முடிகிறது, இங்கே மூச்சு வாங்கலாம் என்பதையே காட்டுகிறது. சபை பாடும் பாட்டில் ஒவ்வோர் அடியிலும் நின்றால் பாட்டு நகராது.

படி 7: இடது கை

முதல் மூன்று வாரம் இடது கையைப் பையில் வைத்தாலும் தவறில்லை. வலது கை செய்வதையே கண்ணாடிபோல இடது கையும் செய்வது எல்லோரும் செய்யும் பிழை. அது இரட்டிப்புச் சத்தமே தவிர இரட்டிப்புச் செய்தி அல்ல. இடது கைக்கு வேலைகள் வேறு: ஒரு குரலை உள்ளே அழைப்பது, ஒலியை ஏற்றுவது, இறக்குவது, பக்கம் திருப்புவது.

குரலை அழைப்பதற்கு வரிசை உண்டு. நுழைவுக்கு ஒரு பார் முன்பே கண். ஒரு பீட் முன் மூச்சு. நுழையும் பீட்டில் கை. பேஸ்கள் 16 பார் சும்மா இருந்துவிட்டு வர வேண்டிய இடத்தில் அந்தக் கண் ஒன்றே போதும். விரல் நீட்டிச் சுடுவதுபோலக் காட்ட வேண்டாம். உள்ளங்கை மேலே பார்த்துத் திறந்திருக்கட்டும்.

பயிற்சிக்கு: வலது கை 4/4 அடிக்கும்போது இடது கையால் எட்டு பீட்டுக்கு மெதுவாக மேலே, எட்டு பீட்டுக்குக் கீழே. முதல் வாரத்தில் வலது கை நிச்சயம் தடுமாறும். சமையலறையில் வலது கையால் அடித்துக்கொண்டே இடது கையால் டம்ளர்களை அடுக்கினாலும் இதே பயன்தான்.

கீர்த்தனையை நடத்துவது வேறு கலை

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து வரும் கீர்த்தனைகள் ராக தாளத்தில் அமைந்தவை. மேலே சொன்ன வடிவங்களை அப்படியே அவற்றின் மேல் போர்த்தினால் பொருந்தாது. ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையை இரண்டு 4/4 பார்களாகவும் ரூபகத்தை 3/4 ஆகவும் அடிக்கலாம். மிஸ்ர சாபு ஏழு, அதாவது 3+4. அதை ஏழாக அடித்தால் கை களைத்துவிடும். 3+2+2 என்று மூன்று பீட்டாக, முதல் பீட்டை மட்டும் நீளமாக அடியுங்கள். கண்ட சாபுவுக்கு 2+3 என இரண்டு பீட்.

சிக்கல் எடுப்பில்தான், அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில்தான். சமத்தில் (தாளத்தின் முதல் எண்ணிக்கையில்) தொடங்காமல் அரை இடம் தள்ளி எடுக்கும் பல்லவிகள் ஏராளம். இங்கே தயார் அசைவைச் சுருக்கி, சமத்தின் மேல் ஒரு கூர்மையான, துள்ளாத பீட்டைக் காட்டுங்கள். கொயர் அந்த பீட்டில் மூச்சு வாங்கி அதன்பின் எடுக்கும். “பீட்டில் மூச்சு, பீட்டுக்குப் பின் பாட்டு” என்று ஒத்திகையில் இரண்டு முறை சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

தொடங்கிய பிறகு தாளத்தைத் தபலா பார்த்துக்கொள்ளும். நீங்கள் எல்லா பீட்டையும் அடிக்க வேண்டியதில்லை. பல்லவி எத்தனை முறை, சரணத்திலிருந்து எப்போது திரும்புவது, எங்கே முடிப்பது ஆகியவற்றைக் காட்டினால் போதும். இதற்குச் சைகைகளை முன்பே பேசிவையுங்கள்: ஒரு விரல் என்றால் இன்னொரு முறை, மூடிய முட்டி என்றால் இதோடு முடிகிறது. சைகையை வரி முடிவதற்கு நான்கு எண்ணிக்கை முன்பே காட்ட வேண்டும். கடைசி எண்ணிக்கையில் முட்டியைக் காட்டினால் கொயர் நின்றுவிடும், தபலா ஓடிக்கொண்டிருக்கும்.

சபை சேர்ந்து பாடும்போது

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 34 மீட்டர் நீள ஆலயத்தின் பின் மாடத்தில் கொயர் நின்றால், முன்னால் இருக்கும் கீபோர்டின் ஒலி அங்கே போய்ச்சேர ஏறக்குறைய 0.1 நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் ஒரு பீட்டே 0.5 நொடிதான், ஐந்தில் ஒரு பங்கு தாமதம். காதை நம்பிப் பாடினால் ஒவ்வொரு சரணத்திலும் பாட்டு இழுபடும். சபை பின்னால் இழுக்கிறது என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். எனவே கொயரும் கீபோர்டும் கையைப் பார்த்து நகர வேண்டும். நீங்களும் சபையின் ஒலிக்காகக் காத்திருக்கக் கூடாது. காத்திருந்தால் அவர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

முன்னிசையாகக் கீபோர்டு பாட்டின் கடைசி அடியைப் பாடப்போகும் அதே வேகத்தில் வாசிக்கட்டும். சரணங்களுக்கு நடுவே எத்தனை பீட் இடைவெளி என்பதை எண்ணி முடிவு செய்து, கடைசிச் சரணம் வரை மாற்றாதீர்கள். இடைவெளி ஒரே அளவாக இருந்தால் சபை இரண்டாம் சரணத்திலேயே அதைக் கற்றுக்கொள்ளும்.

ஒத்திகை நேரம்

90 நிமிடம் என்றால்: 10 நிமிடம் குரல் தயாரிப்பு, அடுத்த 30 நிமிடம் மிகக் கடினமான பாட்டு, எல்லோருக்கும் தெம்பு இருக்கும்போதே, 20 நிமிடம் தனித்தனிக் குரல்கள், 5 நிமிடம் இடைவெளி, மீதி தெரிந்த பாட்டுகளும் முழு ஓட்டமும். நிறுத்தித் திருத்தும்போது ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், “ஆல்டோ, இரண்டாம் அடி, ‘மந்தை’யில் ஸ்வரம் இறங்குகிறது” என்பதுபோல. “இன்னும் நல்லாப் பாடுங்க” என்றால் யாருக்கும் எதுவும் புரியாது.

சுருதி இறங்குவது ஆலயக் கொயர்களின் தீராத வியாதி. உட்கார்ந்து பாடுவது, பாட்டுத் தாளை மடியில் வைத்துக் குனிவது, ஒரே ஸ்வரத்தில் பல அசைகள் வருவது ஆகியவை வழக்கமான காரணங்கள். கீபோர்டை நிறுத்திவிட்டு ஒரு சரணம் பாட வைத்து, கடைசியில் சுருதியை ஒத்துப்பாருங்கள். எந்த அடியில் இறங்குகிறது என்று கண்டுபிடித்தால், அந்த அடியை மட்டும் நின்றுகொண்டு, வாயை மூடிய ஹம்மிங்கில் பாட வையுங்கள்.

உங்கள் சொந்தப் பயிற்சிக்குத் தினமும் 15 நிமிடம், நான்கு வாரம். முதல் வாரம் புள்ளி மட்டும். இரண்டாம் வாரம் வடிவங்கள், 60, 80, 100 வேகங்களில். மூன்றாம் வாரம் தயார் அசைவும் நிறுத்தலும். ஒரு நாளைக்கு 20 தொடக்கங்கள், பாட்டைத் தொடர வேண்டாம். நான்காம் வாரம் இடது கை.

ஆராதனை நாளில்

அரை மணி நேரம் முன்பே போய், கீபோர்டின் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் எண்ணைப் பாருங்கள். முந்தைய பாட்டுக்கு மூன்று படி ஏற்றி வைத்ததை யாரும் இறக்கியிருக்க மாட்டார்கள். முன்னிசை தொடங்கியபின் சோப்ரானோக்களின் முகத்தைப் பார்த்துத்தான் உங்களுக்குத் தெரியவரும். ஒவ்வொரு பாட்டுக்கும் உரிய எண்ணை ஒரு சீட்டில் எழுதி கீபோர்டின் மேலேயே ஒட்டிவையுங்கள்.

பாட்டு நடுவில் சிதறினால் கையைப் பெரிதாக்க வேண்டாம், சிறிதாக்குங்கள். முதல் பீட்டை மட்டும் கூர்மையாகக் காட்டி, சொற்களை வாயசைவில் தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்த அடியின் தொடக்கத்தில் பெரும்பாலும் எல்லோரும் ஒட்டிக்கொள்வார்கள்.

கரண்ட் போனால் கீபோர்டும் மைக்கும் ஒரே நொடியில் நின்றுபோகும். கொயர் உடனே உங்களைப் பார்க்கும். அப்போது கை நிற்கக் கூடாது, முகமும் மாறக் கூடாது. சோப்ரானோ வரியை நீங்களே உரக்கப் பாடி அடியை முடியுங்கள். அடுத்த பாட்டைத் தொடங்கப் பையில் ஊதினால் சுருதி தரும் ஒரு பிட்ச் பைப் இருக்கட்டும். கைப்பேசிச் செயலியும் சுருதி தரும், ஆனால் அதைத் திறந்து தேடுவதற்குள் போதகர் அடுத்த ஜெபத்தைத் தொடங்கியிருப்பார்.